சந்தில் யாரும் இல்லாதபோது

கீழுதட்டின் இடது பாதி இன்னும் திரும்பி வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. கன்னம், மூக்கின் ஓரம், காதுக்குக் கீழே ஒரு சின்ன இடம் என்று ஒவ்வொன்றாக வீடு திரும்பிவிட, உதடு மட்டும் பல் டாக்டரின் நாற்காலியிலேயே தங்கிவிட்டதாகக் கலியமூர்த்திக்குப் பட்டது. காசு போட்டுத் துணி துவைக்கும் காயின் லாண்ட்ரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தானியங்கி இயந்திரம் துப்பிய காபி டப்பாவைக் கோணிய வாயால் உறிஞ்சி, பாதியைச் சட்டைக்குக் கொடுத்துக்கொண்டு, அவன் அந்தச் சொல்லை நோண்டிக்கொண்டிருந்தான். மரத்துப்போவது. மரமாகிப் போவது என்றுதான் இருக்கவேண்டும். அகராதியைப் பார்க்காமல் சத்தியம் செய்யமாட்டான், பார்த்தபிறகும் இந்த அர்த்தத்தை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஜப்பான்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் மின்சாரத்தைத் தொட்டதுபோன்ற விறுவிறுப்பையும் சேர்த்துச் சொல்லும். அவர்களுக்கு மரத்துப்போனாலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. நமக்கு ஒன்றும் நடப்பதில்லை, மரம் அதுபாட்டுக்கு நிற்கிறது. எதிரே உலர்த்தும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் ஏறி விழுந்துகொண்டிருந்தன. வெளியே ஜூன் மாத மழை. இந்த ஊர்க்காரர்கள் மழைக்கு வைத்திருக்கும் பெயர்களைத் தொகுத்தால் தனியாக ஒரு நிகண்டு தேறும். இது பிளம் பழுக்கும் காலத்து மழை, சத்தமே போடாமல் வாரக்கணக்கில் பெய்யும். துணி காயாது. பால்கனியில் போட்டால் ஈர நாய் நாற்றம் அடிக்கும். அதனால்தான் பால்கனிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். அதனால்தான். சாவி இந்துமதியின் தாலிச் சங்கிலியில் கிடக்கிறது, மழைக்காலம் முடிந்தாலும் அங்கேயேதான் கிடக்கும், போன வருஷம் மழை முடிந்து சுள்ளென்று வெயில் அடித்தபோதும் அங்கேதான் கிடந்தது. நாலாவது மாடி. காபி ஆறிவிட்டது.

கண்ணாடிக்குள் ஒரு கறுப்புச் சட்டை, முக்காடு வைத்தது, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு ஏறியது, உச்சியில் ஒரு கணம் யோசித்தது, தலைகுப்புற விழுந்தது. நிரஞ்சனுடையது. அவனிடம் இருப்பதெல்லாம் கறுப்பு முக்காட்டுச் சட்டைகள்தான், எல்லாம் ஒரே மாதிரி, இந்துமதிக்கு மட்டும் அவற்றில் எது எப்போது வாங்கியது என்று தெரியும். அழுக்குத் துணியைக் கூடையில் போட்டுத் தன் அறைக் கதவுக்கு வெளியே அவன் வைப்பான், துவைத்து மடித்ததை அதே கூடையில் இவர்கள் வைப்பார்கள். அந்த வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை முழுவதும் அந்தக் கூடை வழியாகத்தான். இந்த வாரம் கூடையில் துணி குறைவு. குறைந்தால் என்ன அர்த்தம்? கூடினால் என்ன அர்த்தம்? நூல்களுக்கு உரை எழுதியவர்கள்கூட ஒரு சொல்லை இவ்வளவு புரட்டியிருக்கமாட்டார்கள், இவர்கள் இருவரும் ஒரு ஜோடி காலுறையைப் புரட்டுகிறார்கள். பையன் கல்லூரியில் சேர்ந்த முதல் வசந்தம் முடிவதற்குள், ஒருநாள் ரயில் நிலையம்வரை போய்த் திரும்பிவந்து, ஷூவை ஒழுங்காகக் கழற்றி மூக்கு வாசலைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் இருந்திருக்கும். அடுத்த வசந்தமும் வந்து போய்விட்டது. கழிப்பறை அவன் அறையை ஒட்டியே இருக்கிறது; நடைவழியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய்வந்துவிடுவான், அந்த நேரத்தை எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறானோ. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு இந்துமதி எதிர்ச் சுவரில் சாய்ந்து நடைவழியிலேயே உட்கார்ந்திருப்பாள். அவள் எழுந்துபோனால் கலியமூர்த்தி நிற்பான். உள்ளே காலடிச் சத்தம் கதவுவரை வரும். கைப்பிடி லேசாக அசையும். அப்புறம் காலடி திரும்பிப் போய்விடும். ஆலோசகர் அம்மாள் இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள்: அவசரப்படுத்தாதீர்கள், அவனைக் கைவிட்டதுபோல் நினைக்க விடாதீர்கள். இரண்டாவதை இருவரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் ஒருவராவது இருக்கவேண்டும். இவன் பல் டாக்டரிடம் போனால் அவள் இருப்பாள், அவள் காய்கறி வாங்கப் போனால் இவன். சேர்ந்து வெளியே போய் எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவேளை அவன் வெளியே வரும்போது யாருமே இல்லாமல் போனால்? ஒருவேளை யாருமே இல்லாதபோது அவன். சட்டை மறுபடி ஏறியது. கைகளைத் தூக்கியது. விழுந்தது.

தொலைபேசி பையில் அதிர்ந்தது, தொடை அதை உணர்ந்தது, தொடைக்கு ஊசி போடவில்லை. எடுக்கவில்லை. அலுவலகம். சனிக்கிழமை மாலையில் அலுவலகம் என்றால் மறுபடியும் அந்தப் பொம்பளைதான். அவளைப்பற்றித்தான் இருக்கும், நிறுவனத்தில் அவனிடம் வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. கலியமூர்த்தி படிக்க வந்து, படிப்பு முடிந்து, விலாங்கு மீன் சுடும் கடைக்கு மேலே மாடியில் இருந்த ஒரு குட்டி நிறுவனத்தில் சேர்ந்தபோது அங்கே ‘கிரி நோ மிச்சி’ என்ற வீடியோ விளையாட்டின் முதல் பாகத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். மூடுபனிப் பாதை என்று அர்த்தம். நீளமான தலைப்பு எதையும் நாலு அசையாக நறுக்கினால்தான் இவர்களுக்குச் செரிக்கும், ஆகவே அது ‘கிரிமிச்சி’ ஆயிற்று. கலியமூர்த்தியும் அதே அரிவாளுக்குத் தப்பாமல் ‘கரியமூ’ ஆனான். கதாநாயகன் ஓர் உப்பு வியாபாரி. மலைப்பாதையில் ஊர் ஊராக உப்புச் சுமந்து போவான். வழியில் அரக்கர்களும் உண்டு, ஆனால் அவர்களில் பாதிப்பேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சண்டைக்கு வருவார்கள். இயக்குநர் இகராஷிக்குச் சண்டையில் நாட்டமில்லை, அவருக்கு மழைதான் வேண்டும், சிகரெட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் மழை, இன்னும் மழை என்பார், விலாங்கு மீன் புகையில் எல்லாருக்கும் கண் எரியும். வெளிவந்தபோது ஒரு பத்திரிகை எழுதியது: மழை அதிகம், வாள் குறைவு. விற்கவில்லை. பழைய சரக்குக் கடைகளின் அடித்தட்டில் கிடந்ததைக் கல்லூரிப் பையன்கள் சிலர் மலிவாக வாங்கிப்போய் விளையாடி, விடிந்ததும் நண்பர்களைக் கூப்பிட்டு, அந்தப் பொம்பளையைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது.

அவள் இருந்தது ஒரு சந்தில். மலையடிவாரத்து ஊர் ஒன்றில், சத்திரத்துக்குப் பின்னால், ஓர் ஆள் மட்டுமே போகக்கூடிய சந்து. அதன் கோடியில் ஒரு கிணறு, நடுவில் ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்துச் சன்னல் வழியே உள்ளே ஒரு பெண் தெரிவாள். கதவுவரை வருவாள், தயங்குவாள், திரும்பிப் போவாள். மறுபடி வருவாள். எத்தனை முறை வேண்டுமானாலும் நின்று பாருங்கள், மழை பெய்துகொண்டே இருக்கும், அவள் வந்து வந்து திரும்பிக்கொண்டே இருப்பாள். பேச்சுக் கொடுக்க முடியாது. கதையில் அவளுக்கு வேலையே இல்லை. ரசிகர்கள் அவளுக்கு அமயாதொரி-சான் என்று பெயர் வைத்தார்கள், மழைக்கு ஒதுங்கி நிற்பவள். போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறாள் என்றது ஒரு கட்சி, அவள் செத்துப்போனவள், அதுவே அவளுக்குத் தெரியாது என்றது இன்னொரு கட்சி. ஒரு பேராசிரியர் காத்திருத்தலின் இருப்பியல் என்று புத்தகமே போட்டார், கலியமூர்த்தி அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்து, அடிக்குறிப்பு ஒன்றில் பிழை கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டான். உண்மை என்னவென்றால் அவள் கதவைச் சோதிப்பதற்காக அவன் போட்ட உருவம். திறக்கும்போது யாராவது உள்ளிருந்து வந்தால் கதவு மாட்டிக்கொள்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த நிறுவனத்தில் தற்காலிகமாகப் போடும் எதற்கும் கண்ணைக் கூசும் ரோஜா நிறம் அடிப்பது வழக்கம். மறந்துபோனாலும் உறுத்தி ஞாபகப்படுத்தும், கடைசி வாரத்தில் ரோஜா நிறத்தைத் தேடித்தேடிப் பிடுங்குவார்கள். ஓவியம் போட்ட ஓகுரா என்ற பெண்மணி நல்லவள். யாரோ ஒரு பெண் இன்னும் வண்ணம் பூசப்படாமல் நிற்கிறாளே என்று இரக்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல், அவளுக்கு அவுரி நீலத்தில் கிமோனோவும், நெற்றியில் ஒட்டிய ஈர முடியும் வரைந்துவிட்டாள். ரோஜா நிறம் போயிற்று. அதற்குப்பிறகு அவளைப் பிடுங்குவதற்கு யாருக்கும் காரணம் இல்லை. இதை அவன் ஒன்றும் மூடிவைக்கவில்லை. பேட்டி எடுக்க வந்தவரிடம், அது கதவுச் சோதனைங்க, என்று சொல்லியும் விட்டான். அவர் எழுந்து வணங்கினார். படைப்பாளி தன் பாத்திரத்தை விளக்க மறுத்துவிட்டார், இந்தியத் தத்துவ மரபுக்கே உரிய நகைச்சுவையுடன், என்று அச்சாகி வந்தது. இரண்டாம் பாகத்தில் அவள் வாசலில் ஒரு குடை வைத்தார்கள். மூன்றாவதில் அவளுக்கு ஒரு பாட்டு. நாலாவதில் புது நிர்வாகம் வந்து அவளுக்குப் பெயரும் குரலும் கணவனும் கொடுத்தபோது, ரசிகர்கள் நனைந்த குடைகளைப் பார்சலில் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள், வரவேற்பறை ஒரு வாரம் ஈரமாகவே கிடந்தது. மதுரையில் மைத்துனன் கேட்டான்: மாப்ள, இன்னமும் அந்தப் பிள்ளைக வெளயாட்டுதான் செய்யுறீங்களா? ஆமாம், அதேதான். வருஷாவருஷம் முதல் பாகம் வெளியான நாளில் ரசிகர்கள் அவரவர் வீட்டில் உப்பு வியாபாரியைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சந்தில் நிறுத்திவைப்பார்கள். இரவு முழுக்க. அவள் தனியாக இருக்கக்கூடாதாம். கையில் அரிசி அப்பளத்தை வைத்துக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிறாளா வருகிறாளா என்று. நிரஞ்சன் ஏழெட்டு வயதில் ஒருமுறை அப்படி அவன் மடியில் உட்கார்ந்து பார்த்தான். ஏம்ப்பா வரமாட்டேங்குறா? மழைடா. மழை விட்டா? விடாதுடா, விடாதமாதிரிதான் செஞ்சிருக்கோம். பையன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். அப்போதும் மழைதான். அப்போது மடி கனத்தது, அந்தக் கனம் தொடையில் இப்போது இல்லை, தொலைபேசிதான் மறுபடி அதிர்கிறது.

எடுத்தான். புதிய பதிப்பில் வேலை செய்யும் நகானிஷி என்ற பெண். முதல் பாகத்தையே அடிமுதல் திரும்பச் செய்கிறார்கள், அவள் அதன் நிரல்களைப் பழைய நிரல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவள், முதல் பாகம் வந்தபோது பால் பற்கள்கூட விழுந்திருக்காத வயது.

“கரியமூ-சான், ஓய்வு நாள்ல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்.”

பரவாயில்லை என்று சொன்னான். உதடு ஒத்துழைக்காததால் அது பிழியாத துணிபோல் விழுந்தது.

“அழறீங்களா?”

“பல் டாக்டர்.”

“ஓ, நல்லது. நல்லதில்ல. மன்னிக்கணும். ஒண்ணு சொல்லணும். அவ வெளியே போறா.”

“யாரு?”

“அமயாதொரி-சான். மோரி மழையைச் சோதிச்சிட்டிருந்தான். இந்தப் பதிப்புல கேமராவைத் தனியா எங்க வேணும்னாலும் வெக்கலாமில்லையா, கூரை மேல வெச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டான். உப்பு வியாபாரி சத்திரத்து மாடியில தூங்குறான். சந்துல யாரும் இல்ல. திரும்பி வந்து பார்த்தா அவ சந்துல நிக்கிறா. கிணத்தடிவரைக்கும் நடந்து போனா. மழையில நின்னா. அப்புறம் அவளா கதவைத் திறந்து உள்ள போயிட்டா. மோரி நூடுல்ஸைக் கீழ கொட்டிட்டான்.”

கலியமூர்த்தி இயந்திரத்தைப் பார்த்தான். கறுப்புச் சட்டை உச்சியில் நின்றது.

“பழைய நிரலைத் தோண்டிப் பார்த்தேன்,” என்றாள் நகானிஷி. “‘சந்தில் ஆள் இருந்தால் திரும்பிப் போ’. அவ்வளவுதான் இருக்கு. நீங்க எழுதினதுதானே?”

“நான்தான். சந்து ஓர் ஆள் அகலம். ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா ஒட்டிக்கிட்டு நின்னுடுவாங்க. விளையாட்டே உறைஞ்சு போயிடும்.”

“அப்போ ஆள் இல்லாதப்ப அவ எப்பவுமே வெளியே போயிட்டுதான் இருந்தாளா? முதல்ல இருந்தே?”

“இருக்கணும்.”

“ஆனா பழைய பதிப்புல வியாபாரி எங்க நிக்கிறானோ அந்த இடம்தான் திரையில தெரியும். அவளைப் பார்க்கணும்னா சந்துல போய் நிக்கணும். நின்னா அவ...” அவள் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு சின்னக் குரலில் சொன்னாள்: “நானும் நின்னிருக்கேன். ஸ்கூல் படிக்கிறப்போ. ராத்திரி பூரா, அவளுக்குத் துணையா.”

“ம்.”

“திங்கட்கிழமை இயக்குநர் கேட்பார். பிழைன்னு எழுதித் திருத்திடவா?”

“அப்புறம் சொல்றேன்.”

வைத்துவிட்டான். அவனுக்கு வியப்பாக இருந்திருக்கவேண்டும். வியப்பு உதட்டுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. அந்த விதியை எழுதிய நாள் ஞாபகம் வந்தது, வந்தது என்றால் படம் இல்லாமல், தட்டச்சு செய்த விரலின் ஞாபகமாக. ஊரில், சூளை என்ற பேட்டையில் அவன் வீட்டார் குடியிருந்த சந்தில் அப்படித்தான். எதிரே ஆள் வந்தால் உள்ளே இருப்பவர் வாசற்படியை விட்டு இறங்கமாட்டார், தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர் போகட்டும் என்று நிற்பார். அது ஒரு நாகரிகம். அதைத்தான் அந்த உருவத்துக்குக் கற்றுக்கொடுத்தான், கற்றுக்கொடுத்ததை மறந்தான். அவள் காத்திருக்கவே இல்லை. யாருக்காகவும் இல்லை. அவளுக்குக் கிணற்றடிக்குப் போகவேண்டும், போய்க் கொஞ்சம் மழையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான், கதவுவரை வந்து பார்க்கிறாள், சந்தில் ஆள். மறுபடி வருகிறாள், ஆள். துணைக்கு நிற்கிறார்களாம். காத்திருத்தலின் இருப்பியல். பேராசிரியர் பாவம், அவர் புத்தகத்தில் ஒரே ஓர் அடிக்குறிப்புதான் தவறு என்று எண்ணியிருந்தோம். சிரிப்பு வந்தது, வலது பாதி வாயில் மட்டும், இடது பாதி அதைக் கேள்விப்படவே இல்லை. நடைவழியும் ஓர் ஆள் அகலம்தான். இந்துமதி சுவரில் சாய்ந்து காலை நீட்டினால் எதிர்ச் சுவரில் பாதம் முட்டும். காலடி கதவுவரை வரும். கைப்பிடி அசையும். நாம் மூச்சைக்கூட விடமாட்டோம். நாம் மூச்சை விடாமல் நிற்பது கதவுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு சத்தமாகக் கேட்கும். அப்புறம் காலடி திரும்பிவிடும். நீ போய்ப் படு, நான் நிக்கிறேன் என்பான். நீங்க போங்க, நான் இருக்கேன் என்பாள். அவன் கழிப்பறைக்குப் போய்வரும் அந்தச் சின்ன இடைவெளி தவிர, சந்து ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. இல்லை, இதெல்லாம் அபத்தம். அவன் பிள்ளை ஒரு நிரல் இல்லை. நிரல் என்றால் தோற்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், சேமித்த இடத்துக்குத் திரும்பலாம். நாலாவது மாடியில் சேமித்த இடம் என்று ஒன்றும். யாருமே இல்லாத வீட்டில் அவன். சட்டை. சட்டை எங்கே? இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. துணிகள் எல்லாம் அடியில் ஒரு குவியலாக, அசையாமல், அதன்மேல் அந்தக் கறுப்புச் சட்டை முகம் கவிழ்ந்து கிடந்தது. அவன் சட்டென எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து அதை இழுத்து எடுத்தான். சுட்டது. நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். நன்றாகக் காய்ந்துவிட்டது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். தெருவைத் தாண்டினால் வீடு.

சட்டையை மறுபடி உள்ளே போட்டு, கதவைச் சாத்தி, வீட்டுக்கு அடித்தான்.

“காஞ்சிருச்சாங்க? வர்றப்போ அந்த பங்களாதேஷ் கடையில கொத்தமல்லி இருந்தா...”

“இந்து, நீ இங்க வா.”

“என்னங்க? வாய் ஏன் இப்படிக் குழறுது? ஐயோ, பக்கவாதமா? கையைத் தூக்குங்க, ரெண்டு கையையும் தூக்கிப் பாருங்க!”

“ஊசிம்மா. பல்லுக்குப் போட்ட ஊசி. நீ கீழ வா.”

“நான் எப்படி வர்றது? நீங்க வாங்க, வந்தப்புறம் நான் போறேன். எதுக்கு?”

“ரெண்டு பேரும் வெளிய இருக்கணும்.”

பின்னால் குக்கர் கிசுகிசுத்தது.

“லூசாயிட்டீங்களா?” என்றாள். குரலை அடக்கியிருந்தாள், அந்த வீட்டில் எல்லாரும் பேசுகிற குரல். “அவனைத் தனியா விட்டுட்டு? எதாச்சும்... எதாச்சும் ஒண்ணு...”

அந்த வாக்கியத்தை அவளும் முடிக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இருவரும் இவ்வளவு நாளாக அதைச் சுற்றி நடந்திருக்கிறார்கள், நடு அறையில் கிடக்கும் மேசையைச் சுற்றி நடப்பதுபோல.

“பால்கனி சாவி?” என்று கேட்டான்.

அவள் மூச்சு நின்று திரும்பிய சத்தம் கேட்டது. சாவியைப்பற்றி இருவரும் வாய்விட்டுப் பேசுவது இதுதான் முதல் தடவை.

“கழுத்துலதான் இருக்கு.”

“மத்த சன்னல்லாம்?”

“கம்பி போட்டதுதானே. உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான போட்டீங்க.”

“எனக்கும் அதே பயம்தான் இந்து. தினம் அதே பயம்தான். ஆனா நாம நிக்கிறதுனாலயே அவன் வராம இருந்தா?”

“யாரு சொன்னா?”

ஒரு கதவுச் சோதனை, என்று சொல்லமுடியாது. “யாரும் சொல்லல. வா. அவன் கதவுகிட்டப் போகாத. அடுப்படியில இருந்தே சொல்லு. நானும் அப்பாவும் வெளிய இருக்கோம், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவோம்னு. சொல்லிட்டு, பதிலுக்கு நிக்காத. சந்துல நிக்காத.”

“எந்தச் சந்து?”

“நடையில. நடையில நிக்காதன்னேன்.”

அவள் வைத்துவிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கலியமூர்த்தி தெருவைப் பார்க்காமல், இயந்திரத்தைப் பார்த்து உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் மழை, மழைக்குப் பின்னால் அவர்களுடைய கட்டடம். தொலைபேசியில் நகானிஷிக்கு எழுதினான்: பிழை இல்லை. தொடவேண்டாம். அனுப்பிவிட்டு, இன்னொரு வரி சேர்த்தான்: ரசிகர்களிடமும் சொல்லவேண்டாம். சொன்னால் எல்லாரும் கூரைமேல் போய் உட்கார்ந்து பார்ப்பார்கள், அது இன்னும் மோசம். அவள் பதிலுக்கு வணங்கும் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள். அறிவிப்புப் பலகையில் இயந்திரத்துக்குள் போடக்கூடாத பொருள்களின் படங்கள் இருந்தன, ரப்பர், மெழுகு, பூனை. பூனையைப் போட்டவர் யாரோ இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகையில் ஏறியிருக்காது. கடைக்குள் துணியை மென்மையாக்கும் திரவத்தின் வாசனை, பூவுமில்லாமல் பழமுமில்லாமல். வரமாட்டாள். வந்தால் தனியாக விட்டுவிட்டு வருகிறாள். வரவேண்டாம். வரட்டும். யோசனை கதவுவரை போவதும் திரும்புவதுமாக இருந்தது.

தானியங்கிக் கதவு திறந்து குளிர்ந்த காற்று வந்தது. இந்துமதி, வீட்டுச் செருப்போடு, சேலைமேல் அவனுடைய மழைக்கோட்டு. முகம் வெளுத்துப்போய் இருந்தது. குடையை மடக்கவே மறந்து உள்ளே கொண்டுவந்துவிட்டாள், நடுக்கடையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சொன்னேன்,” என்றாள். “அடுப்படியில இருந்து கத்திச் சொன்னேன். இத்தனை நாள்ல அந்த வீட்டுல நான் கத்தினதே இல்ல. எனக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு.”

“என்ன சொன்னே?”

“நீங்க சொன்னதுதான். அப்புறம், ரசம் அடுப்புமேல இருக்கு, சூடா இருக்குன்னேன். அது நானாச் சேர்த்தது. கேஸை மூடிட்டேன். எல்லா லைட்டையும் அணைச்சேன். வெளிக்கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேன், பூட்டல. தப்பா?”

“சரிதான்.”

அவள் குடையை மடக்கிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே கழுத்து தெருப்பக்கம் திரும்பியது. அவன் அவள் முழங்கையைத் தொட்டான்.

“பார்க்காத.”

“சும்மா ஒரு தடவை...”

“வேணாம் இந்து. மேல இருந்து நாம இங்க உக்காந்திருக்கிறது தெரியும். முதுகு தெரியட்டும்.”

அவள் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்து, சாவியை விரலால் நெருடிக்கொண்டு, நேரே பார்த்து உட்கார்ந்தாள். இருவரும் அசையாத துணிக்குவியலைப் பார்த்தார்கள். அது கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. கலியமூர்த்தி எழுந்துபோய் ஒரு நாணயத்தைப் போட்டான். இயந்திரம் உறுமி, துணிகள் மறுபடி ஏற ஆரம்பித்தன.

“காயலையா இன்னும்?”

“காஞ்சிருச்சு.”

“அப்புறம் எதுக்குங்க?”

“சுத்தட்டும்.”

சேர்ந்து வெளியே வந்திருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது, எங்கே என்றால், சலவைக் கடைக்கு. முன்பெல்லாம் கடற்கரைப் பூங்காவுக்குப் போவார்கள், பையனைத் தோளில் வைத்துக்கொண்டு. அப்போதும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், அலையையோ, அவன் ஓடுவதையோ. கறுப்புச் சட்டை ஏறியது. கைகளைத் தூக்கியது. அதை அவளும் பார்க்கிறாள் என்பது அவள் மூச்சில் தெரிந்தது, அது விழும்போதெல்லாம் கொஞ்சம் விட்டுவிடுகிறாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே போயிற்று. கடையின் குழல்விளக்குகள் தாமாக மங்கலாகிப் பிறகு தெளிந்தன. அவன் நாக்கால் உதட்டைத் தடவினான். ஏதோ ஒன்று, ஊசி முனை அளவு, அங்கே குத்தியது. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக வந்துகொண்டிருந்தன. பல்லின் வேர்வரை ஒரு சூடு இறங்கி, துடிக்க ஆரம்பித்தது. வலிக்கிறது என்று புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. கண்ணில் நீர் முட்டியது, இது பல் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், பல்தான்.

இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில், சுற்றும் துணிகளின்மேல், அவர்கள் இருவரின் நிழலும் படிந்திருந்தது. நிழல்களுக்குப் பின்னால் தெரு. தெருவுக்குப் பின்னால், மழையில் கரைந்து, இருண்ட கட்டடத்தின் சன்னல்கள். அவற்றில் மேலே, ஓரத்தில், ஒரு சிறிய மஞ்சள் சதுரம்.

முன்பே இருந்ததா? பக்கத்து வீடாக இருக்கும். எண்ணிப் பார்க்கத் தொடங்கி, கண்ணாடி வளைவில் எண்ணிக்கை தப்பிப்போய், மறுபடி எண்ணினான். ஓரத்துச் சன்னல். அடுப்படி. அந்த மஞ்சளுக்குள் ஏதோ ஒன்று கடந்துபோனதுபோல் இருந்தது, துணியின் அசைவாகவும் இருக்கலாம். பக்கத்தில் இந்துமதியின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. சாவி அவள் உள்ளங்கைக்கும் அவன் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுத்தியது.

“என்னங்க...”

“திரும்பாத.”

“நான் அணைச்சுட்டுத்தான் வந்தேன்.”

“தெரியும். திரும்பாத.”

இயந்திரம் வேகம் குறைந்து, பெருமூச்சுவிட்டு, நின்றது. சட்டை கீழே வந்து படுத்தது. கண்ணாடியில் அந்தச் சதுரம் அப்படியே இருந்தது. கலியமூர்த்தி சட்டைப்பையைத் துழாவினான். கால்சட்டைப் பையைத் துழாவினான். ஒன்றும் இல்லை. பல் விண்ணென்று தெறித்தது.

இந்துமதி, கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமல், மழைக்கோட்டின் பைக்குள் கைவிட்டாள்.

“இந்தாங்க,” என்றாள். “என்கிட்ட சில்லறை இருக்கு.”